சைக்கிள் சக்கரத்துக்கு எத்தனை கம்பிகள் வேண்டும்?

கல்லூரியில் முதலாண்டு மாணவர்களிடம் நான் ஆண்டுதோறும் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "உங்கள் சைக்கிளின் முன்சக்கரத்தில் எத்தனை கம்பிகள்? பின்சக்கரத்தில் எத்தனை?" பள்ளிக்கூட நாள் முதல் சைக்கிள் மிதித்தவர்களுக்கும் விடை தெரிவதில்லை. உடனே இருவர் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு ஓடுவார்கள். பழைய வகைக் கனமான சைக்கிள் ஒன்றில் எண்ணிவிட்டு வந்து, "முன்னால் 32, பின்னால் 40" என்பார்கள்.

ஏன் இந்த எண்கள்? பின்சக்கரத்தில் மட்டும் எட்டுக் கம்பிகள் கூடுதலாக இருப்பானேன்? இதே கேள்வியை ஐரோப்பியச் சாலைப் பந்தய வீரர் ஒருவரிடம் கேட்டால், "என் முன்சக்கரத்தில் 20, பின்சக்கரத்தில் 24" என்று விடை வரக்கூடும். அவரோ மலைச்சரிவில் மணிக்கு 80 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் இறங்குகிறவர். மெதுவாகச் செல்லும் நமக்கு 40 கம்பிகள். பறந்து செல்லும் அவருக்கு 24! இந்தப் புதிரை விடுவிக்க, சக்கரத்தின் வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

நிற்பதா, தொங்குவதா?

மாட்டு வண்டிச் சக்கரத்தை நினைத்துக் கொள்வோம். நடுவே குடம், அதிலிருந்து புறப்படும் ஆரக்கால்கள், சுற்றிலும் வட்டை, அதன் மேல் இரும்புப் பட்டை. வண்டியின் பாரம் குடத்தின் வழியே இறங்கி, அடியில் உள்ள ஆரக்காலை அமுக்குகிறது. வீட்டின் தூண் கூரையைத் தாங்குவது போல, ஆரக்கால் பாரத்தைத் தாங்குகிறது. தூண் மெலிந்தால் வளையும். ஆகவே ஆரக்கால் தடித்திருக்க வேண்டும், தடித்தால் கனக்கும்.

1817-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரில் கார்ல் ஃபான் டிரைஸ் ஓட்டிய இருசக்கர வண்டிக்கும், 1860-களில் பாரிசில் பரவிய மிதிகட்டை வண்டிக்கும் இத்தகைய மரச் சக்கரங்களே இருந்தன. கல் பாவிய தெருவில் அவற்றின் மேல் சென்றவர்களின் உடல் குலுங்கிய குலுக்கலால், ஆங்கிலேயர் அந்த வண்டிக்கு "எலும்பு குலுக்கி" என்றே பெயரிட்டார்கள்.

மாற்று வழியை எண்ணிப் பார்த்தவர் பறக்கும் பொறியைப் பற்றிக் கனவு கண்ட ஓர் ஆங்கிலேயர். அவர் ஜார்ஜ் கெய்லி. தம் பொறிக்கு மிக இலேசான சக்கரம் தேவைப்பட்டபோது, தடித்த ஆரக்கால்களுக்குப் பதிலாக இறுக்கிக் கட்டிய கயிறுகளைப் பயன்படுத்தலாமே என்று 1808-இல் தம் குறிப்பேட்டில் எழுதினார். கயிற்றை அமுக்க இயலாது, இழுக்க இயலும். ஆகவே பாரத்தை அமுக்கு விசையால் தாங்காமல், இழுவிசையால் தாங்க வேண்டும். மெல்லிய கம்பி அமுக்கினால் வளைந்துவிடும். இழுத்தாலோ மிகுந்த பாரத்தைத் தாங்கும். இந்தக் கருத்தைச் சைக்கிளுக்குக் கொண்டு வந்தவர் பாரிசைச் சேர்ந்த யூஜேன் மேயர். இழுத்துக் கட்டிய கம்பிகளால் ஆன சக்கரத்துக்கு அவர் 1869-இல் காப்புரிமை பெற்றார்.

1870-இல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜேம்ஸ் ஸ்டார்லி, வில்லியம் ஹில்மன் ஆகிய இருவரும் கம்பிச் சக்கரம் பூட்டிய ஏரியல் என்னும் வண்டியை வெளியிட்டனர். அந்நாளில் மிதிகட்டைகள் முன்சக்கரத்தின் அச்சிலேயே பொருத்தப்பட்டிருந்தன. ஒரு முறை மிதித்தால் சக்கரம் ஒரு முறைதான் சுற்றும். வேகம் வேண்டுமானால் சக்கரம் பெரிதாக வேண்டும். ஆகவே முன்சக்கரம் ஒன்றரை மீட்டர் வரை வளர்ந்தது. கனமான மரச் சக்கரத்தை அவ்வளவு பெரிதாகச் செய்து மிதிப்பது ஆகாத காரியம். கம்பிதான் அதை இயலச் செய்தது.

ஆயினும் ஒரு குறை இருந்தது. கம்பிகள் மையத்திலிருந்து நேர் கோடாக விளிம்புக்குச் சென்றன. மிதிக்கும்போது மையம் சற்றே திரும்பும், விளிம்போ பின்தங்கும். நேர் கம்பிக்கு இந்த முறுக்கு விசையைக் கடத்தும் திறன் மிகக் குறைவு. 1874-இல் ஸ்டார்லி கம்பிகளை மைய வட்டத்துக்குத் தொடுகோடாக, ஒன்றின் மேல் ஒன்று குறுக்கிடுமாறு அமைத்தார். பாதிக் கம்பிகள் முன்னோக்கியும் பாதிக் கம்பிகள் பின்னோக்கியும் சாய்ந்திருக்கும். மிதிக்கும்போது ஒரு பாதியில் இழுவிசை கூடும். மறு பாதியில் குறையும். நம் சைக்கிளில் இன்றும் காணும் பின்னல் இதுவே.

கம்பியின் உள்ளே நடப்பது

இப்போது இயற்பியலுக்கு வருவோம். வண்டித் தச்சர் குடம் என்பதைத்தான் சைக்கிள் கடைக்காரர் ஹப் என்கிறார். ஹப்பிலிருந்து ரிம்முக்குச் செல்லும் ஒவ்வொரு கம்பியையும், ரிம்மில் உள்ள நிப்பிளைத் திருகி அவர் இறுக்குகிறார். நன்றாகக் கட்டிய சக்கரத்தில் ஒரு கம்பியின் இழுவிசை ஏறத்தாழ 100 கிலோகிராம் எடைக்குச் சமம். 36 கம்பிகளும் ரிம்மை உள்நோக்கி இழுப்பதால், ரிம் தன் சுற்று வழியே அமுக்கப்படுகிறது. மொத்த இழுவிசையை 2π ஆல் வகுத்தால் அந்த அமுக்கு விசை கிடைக்கும்: 3,600 ÷ 6.28, அதாவது சுமார் 570 கிலோகிராம் எடை. சைக்கிள் சும்மா நிற்கும்போதே ரிம்முக்குள் இவ்வளவு பெரிய விசை ஒளிந்திருக்கிறது!

சைக்கிளில் ஏறி அமர்ந்ததும் என்ன நிகழ்கிறது? மேலே உள்ள கம்பிகளில் நாம் தொங்குகிறோம் என்றே பலரும் எண்ணுவர். ஆனால் அளந்து பார்த்தால், மேற்கம்பிகளில் மாற்றம் மிகச் சிறிதே. தரையைத் தொடும் இடத்தில் ரிம் இம்மியளவு தட்டையாவதால், அங்குள்ள நான்கைந்து கம்பிகளில் மட்டும் இழுவிசை குறிப்பிடத்தக்க அளவு குறைகிறது. ஜாப்ஸ்ட் பிராண்ட் என்ற அமெரிக்கப் பொறியாளர், சைக்கிள் சக்கரம் பற்றி 1981-இல் வெளியிட்ட நூலில் இதைக் கணக்கிட்டுக் காட்டினார். 100 இருந்த இழுவிசை 80 ஆகக் குறைவது, 20 அளவு அமுக்கு விசையைத் தாங்குவதற்கு ஒப்பாகும். தூணாக நிற்க முடியாத கம்பி, முன்கூட்டியே இழுக்கப்பட்டிருப்பதால் தூண் போல வேலை செய்கிறது. கடனாளி ஒருவனுக்கு வரும் பணம் கடனைக் குறைப்பதைப் போன்றது இது; கையில் காசு சேரவில்லை, ஆனாலும் வரவு வரவுதான்.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். பள்ளத்தில் சக்கரம் மோதி, அடிக்கம்பிகளின் இழுவிசை முழுவதும் தீர்ந்துவிட்டால், அக்கணம் அவை வெறும் தொங்கு கம்பிகள். ரிம் துணையின்றி நிற்கும், கோணும். ஆகவே சக்கரத்தின் வலிமை இரண்டு செய்திகளைப் பொறுத்தது. ஒன்று, அடிப்பகுதியில் எத்தனை கம்பிகள் உள்ளன என்பது. மற்றொன்று, ஒவ்வொன்றும் எவ்வளவு இறுக்கமாக உள்ளது என்பது. அந்த இறுக்கத்துக்கு எல்லை வகுப்பது ரிம். மெலிந்த ரிம்மைக் கட்டுமீறி இறுக்கினால், அது நொடித்து வளைந்துவிடும்.

பழைய ரிம் மெலிந்தது, சாலை மோசமானது. எனவே பெரிய சக்கரங்களில் அறுபது, எழுபது கம்பிகள் வரை பூட்டினர். 1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லியின் ரோவர் சைக்கிளில் மிதிவிசை சங்கிலி வழியே பின்சக்கரத்துக்குச் சென்றது. சக்கரம் பெரிதாக இருக்க வேண்டிய தேவை ஒழிந்தது. 1888-இல் பெல்ஃபாஸ்டில் ஜான் டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே அந்த டயருடன் அதே நகரில் பந்தயங்கள் வெல்லப்பட்டன. மோதலின் ஒரு பகுதியைக் காற்றே ஏற்றுக்கொண்டதால், கம்பிகளின் சுமை தணிந்தது.

பிரிட்டனில் முன்னால் 32, பின்னால் 40 என்ற வழக்கம் நிலைத்தது. மிதிப்பவரின் எடையில் பெரும் பகுதியும், சங்கிலியின் முறுக்கு விசையும் பின்சக்கரத்தின் மேல்தானே விழுகின்றன? ஐரோப்பியக் கண்டத்திலோ இரண்டுக்கும் 36 என்ற வழக்கம் வேரூன்றியது. 1949-இல் தொடங்கப்பெற்ற அம்பத்தூரின் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் ஹெர்குலிஸ் போன்ற ஆங்கிலப் பெயர்களுடன் சைக்கிள் செய்தது. நம் நாட்டுக் கனச் சைக்கிள்கள் ஆங்கில மரபைப் பின்பற்றியதால்தான் கொட்டகையில் எண்ணும் மாணவனுக்கு 32-உம் 40-உம் கிடைக்கின்றன.

மரம் பூசிய உலோகம்

1903-இல் பிரெஞ்சு நாட்டைச் சுற்றி வரும் டூர் த பிரான்ஸ் பந்தயம் தொடங்கியது. பல்லாண்டுகள் பந்தய வீரர் பலர் மர ரிம்களையே நம்பினர். மரம் இலேசானது, குலுக்கலைத் தணிப்பது. ஆனால் நெடிய மலை இறக்கங்களுக்கும் மழைக்கும் அது உகந்ததன்று.

1934-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் ஆந்தோனின் மாஞ் என்ற பிரெஞ்சு வீரர் வெற்றி பெற்றார். அவருடைய ரிம்கள் மரத்தால் ஆனவை அல்ல. டியூரலுமின் என்ற அலுமினியக் கலப்பு உலோகத்தில், உள்ளீடற்ற பெட்டி போல மாவிக் நிறுவனம் செய்தவை. பிறர் அறியாதிருக்க, மரம் போலத் தோன்றும் வண்ணம் அவற்றின் மேல் பூசப்பட்டிருந்ததாகச் சொல்வார்கள். உள்ளீடற்ற குழாய், அதே எடையுள்ள திண்மக் கோலைவிட எளிதில் வளையாது என்பதை நாம் அறிவோம். வலிய ரிம் வந்ததும், கம்பிகளைக் குறைப்பதற்கான கதவு மெல்லத் திறந்தது.

ஆனால் 1937-இல் வேறொரு மாற்றம் வந்தது. அவ்வாண்டு முதல் டூர் பந்தயத்தில் பல் மாற்றும் கியர் அமைப்பு அனுமதிக்கப்பட்டது. பின்சக்கரத்தின் வலப்புறம் பல் சக்கரங்கள் வரிசையாக இடம் பிடிக்க, ஹப்பின் வலப் பக்க விளிம்பு உள்ளே தள்ளப்பட்டது. வலக்கம்பிகள் ஏறத்தாழச் செங்குத்தாகவும், இடக்கம்பிகள் சரிந்தும் நின்றன. ரிம் நடுவில் நிற்க வேண்டுமானால், வலக்கம்பிகள் மிக இறுகியும் இடக்கம்பிகள் தளர்ந்தும் இருந்தாக வேண்டும். பல் சக்கரங்கள் ஐந்து, ஏழு, பத்து, பன்னிரண்டு என்று பெருகப் பெருக, இந்த ஏற்றத்தாழ்வும் வளர்ந்தது. முன்சக்கரத்தில் கம்பிகளைத் தாராளமாகக் குறைத்தவர்களும் பின்சக்கரத்தில் தயங்குவது இதனால்தான்.

1970-களில் ஐரோப்பியப் பந்தய வீரரின் வழக்கம் ஏறத்தாழ இப்படி இருந்தது: சாதாரணச் சாலைக்கு 36, எடை குறைய வேண்டுமானால் 32, தனித்து ஓடும் நேரப் பந்தயத்துக்கு 28 அல்லது அதனினும் குறைவு.

காற்று பேசத் தொடங்கியது

எடை குறைந்தால் வேகம் கூடும் என்பதே அக்காலத்து நம்பிக்கை. சுழலும் பொருளின் விளிம்பில் உள்ள எடை இரு முறை கணக்கில் வரும் என்பது உண்மை. அது முன்னோக்கியும் நகர்கிறது, சுழலவும் செய்கிறது. ரிம்மில் 100 கிராம் குறைத்தால், வேகம் பிடிக்கும்போது 200 கிராம் குறைத்ததற்குச் சமம். ஆனால் வீரரும் சைக்கிளும் சேர்ந்து 75 கிலோகிராம் என்றால், இது ஆயிரத்தில் மூன்று பங்குக்கும் குறைவு. சீரான வேகத்தில் சமதரையில் செல்லும்போது இதனால் கிடைக்கும் ஆதாயம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

காற்றோ ஒரு கணமும் ஓய்வதில்லை. சைக்கிள் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்கையில், தரையைத் தொடும் புள்ளி நிலையாக நிற்கிறது. உச்சிப் புள்ளி 80 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. காற்றுத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வது. ஆகவே சட்டத்தில் பொருத்திய கம்பியைவிட, உச்சியில் உள்ள கம்பிக்கு நான்கு மடங்கு தடை. 36 கம்பிகள் காற்றை மத்துப் போலக் கடைகின்றன!

இந்த உண்மை ஒரு மணி நேரச் சாதனையில் பளிச்சென்று வெளிப்பட்டது. 1972 அக்டோபர் 25 அன்று மெக்சிகோ நகரில் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் ஒரு மணி நேரத்தில் 49.431 கிலோமீட்டர் சென்றார். அவருடைய கம்பிச் சக்கர சைக்கிளின் எடை ஆறு கிலோகிராமுக்கும் குறைவு. 1984 ஜனவரி 23 அன்று அதே நகரில் இத்தாலிய வீரர் பிரான்செஸ்கோ மோசர் 51.151 கிலோமீட்டர் சென்றார். அவர் சக்கரங்களில் கம்பியே இல்லை. இருபுறமும் மூடிய தட்டுச் சக்கரங்கள். அவருடைய சைக்கிள் மெர்க்ஸின் சைக்கிளைவிடக் கனமானது. ஆயினும் வேகம் கூடிற்று.

ஆனால் மோசரின் சட்டமும் உடையும் பயிற்சி முறையும்கூட மாறியிருந்தன. எது எவ்வளவு உதவியது என்று எப்படிச் சொல்வது? இயற்பியல் ஆசிரியன் விரும்பக்கூடிய ஒப்பீடு ஒன்று பின்னால் கிடைத்தது. ஆங்கில வீரர் கிறிஸ் போர்ட்மன் 1996-இல் மான்செஸ்டர் அரங்கில், புதிய வகைச் சைக்கிளில் கைகளை முன்னே நீட்டிப் படுத்தவாறு, ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் சென்றார். 2000-இல் சர்வதேச சைக்கிள் சங்கம், சாதனைக்கு மெர்க்ஸ் காலத்து வகைச் சைக்கிளும் கம்பிச் சக்கரமுமே வேண்டும் என்று விதித்தது. அவ்வாண்டு அக்டோபரில் அதே அரங்கில் அதே போர்ட்மன் சென்ற தூரம் 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் அதிகம்! ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் வேறுபாட்டில் பெரும் பகுதி, காற்றைக் கிழிக்கும் வடிவத்தால் வந்தது.

அதற்காகச் சக்கரமே எல்லாம் என்று எண்ணிவிடக் கூடாது. 1989 டூர் பந்தயத்தின் கடைசி நாளில், முன்னணியில் இருந்த லோரான் பின்யோன் இரண்டு தட்டுச் சக்கரங்களுடன் ஓடினார். 50 விநாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட் பின்னால் மட்டும் தட்டுச் சக்கரம் பூட்டி, முன்னே நீண்ட கைப்பிடியில் உடலைக் குறுக்கிக்கொண்டு ஓடினார். மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பந்தயத்தை 8 விநாடியில் வென்றவர் லெமாண்ட். தடையில் பெரும்பங்கு உடலுடையது. சக்கரத்தின் பங்கு அதற்குப் பின்னரே. மேலும், முன்சக்கரம் தட்டாக இருந்தால் பக்கக் காற்று அதைப் பாய்மரம் போலத் தள்ளிக் கைப்பிடியையே திருப்ப முயலும்.

ஆழமான ரிம்

அப்படியானால் சாலைப் பந்தயத்துக்கு நடுவழி எது? இங்கே நம் ஆய்வுக்கூடத்துச் சோதனை ஒன்று உதவும். இரு கத்தி முனைகளின் மேல் சட்டத்தை வைத்து நடுவில் எடை தொங்கவிட்டு, யங் குணகம் காண்கிறோம் அல்லவா? முனைகளின் இடைவெளி இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். சட்டத்தின் ஆழம் இரட்டித்தால் வளைவு எட்டில் ஒரு பங்காகும்.

ரிம்தான் சட்டம், கம்பிகள்தாம் முனைகள். 36 கம்பிகள் உள்ளபோது அடுத்தடுத்த கம்பிகளின் இடைவெளி சுமார் ஐந்தரை சென்டிமீட்டர். 18 கம்பிகள் என்றால் பதினொன்று. இடைவெளி இரட்டித்ததை ஈடுகட்ட ரிம்மை ஆழமாக்க வேண்டும். ஆழமான ரிம் காற்றையும் வழுக்கிச் செல்லவிடும். 1990-களில் ஆழமான அலுமினிய ரிம்களும், பின்னர் கார்பன் இழை ரிம்களும் பரவின. கம்பிகள் 20, 18, 16 என்று குறைந்தன. ஆக, கம்பி வலுத்ததால் எண்ணிக்கை குறையவில்லை. ரிம் வலுத்ததால் குறைந்தது.

2018 முதல் தொழில்முறைச் சாலைப் பந்தயங்களில் தட்டு பிரேக் முழுமையாக அனுமதிக்கப்பட்டது. பிரேக்கின் முறுக்கு விசை இப்போது ஹப்பிலிருந்து கம்பி வழியே ரிம்முக்குச் செல்கிறது. நேர் கம்பிகளால் கட்டிய முன்சக்கரம் இதற்கு உதவாது. முன்சக்கரத்திலும் ஸ்டார்லியின் 1874-ஆம் ஆண்டுப் பின்னல் தேவைப்பட்டது; பலவற்றில் கம்பிகள் 24 ஆக உயர்ந்தன.

கம்பி ஏன் அறுகிறது?

கம்பி பெரும்பாலும் ஒரே அடியில் அறுவதில்லை. சக்கரம் ஒரு முறை சுற்றும்போது ஒவ்வொரு கம்பியும் ஒரு முறை தளர்ந்து இறுகுகிறது. பந்தயச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 3,400 கிலோமீட்டர் ஓடினால் ஏறத்தாழ 16 இலட்சம் முறை! உலோகம் களைத்து, ஹப்பின் துளையில் வளையும் கழுத்தில் அறுகிறது.

இங்கே ஒரு விந்தை. நடுப்பகுதி மெலிந்த கம்பி, முழுவதும் தடித்த கம்பியைவிட நீண்ட நாள் உழைக்கும். மெலிந்த கம்பி அதிகம் நீண்டிருக்கும்; ரிம் சற்றுத் தட்டையானாலும் அதன் இழுவிசை சிறிதளவே குறையும். கழுத்துக்கு வரும் ஏற்ற இறக்கமும் குறைவு. தளர்வாகக் கட்டிய தடித்த கம்பியே முதலில் அறுகிறது.

இனி நம் புதிருக்கு விடை சொல்லலாம். சக்கரம் தேர்ந்தெடுக்கும் வீரர் நான்கு கேள்விகள் கேட்கிறார். சாலை எப்படி? பாரிஸ்–ரூபே பந்தயத்தின் கல் பாவிய பாதைக்கு 32 அல்லது 36 கம்பிகளே நெடுங்காலம் ஆண்டன. உடல் எடை என்ன? 60 கிலோகிராம் வீரருக்குப் போதுமான சக்கரம் 85 கிலோகிராம் வீரருக்குப் போதாது. எவ்வளவு வேகம், எவ்வளவு காற்று? நான்காவது கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்: கம்பி அறுந்தால் என்ன செய்வது?

36 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால் சக்கரம் சற்றே ஆடும்; வீடு வந்து சேரலாம். 16 கம்பிச் சக்கரத்தில் ஒன்று அறுந்தால், ரிம் கோணிச் சட்டத்தில் உரசி நின்றுவிடலாம். பந்தய வீரர் கவலைப்படுவதில்லை; மாற்றுச் சக்கரங்களுடன் அவர் பின்னால் கார் வருகிறது. நம் பின்னால் எந்தக் காரும் வருவதில்லை. பந்தயச் சைக்கிளின் படத்தைப் பார்த்து, கம்பி குறைந்த விலையுயர்ந்த சக்கரங்களை ஆசையோடு வாங்கும் மாணவர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். தெருமுனைக் கடையில் சில நிமிடங்களில் கோட்டம் எடுத்துத் தரக்கூடிய 36 கம்பிச் சக்கரம் பழமையின் எச்சம் அன்று. நம் சாலைக்கும் நம் பைக்கும் பொருந்திய சரியான விடை அது.

இறுதியாக ஒரு சோதனை. சைக்கிளை நிறுத்தி, தரைக்கு நேர் மேலே உள்ள கம்பியை, குறுக்கிடும் இடத்துக்கும் ரிம்முக்கும் இடையே விரலால் மீட்டிப் பாருங்கள். பிறகு நண்பரைச் சுவரைப் பிடித்தபடி சைக்கிள் மேல் அமரச் செய்து மீண்டும் மீட்டுங்கள். சுருதி இறங்கியிருக்கும். உச்சியில் உள்ள கம்பியை மீட்டினால் மாற்றம் காதுக்கு எட்டாது. நூற்றைம்பது ஆண்டு வரலாற்றையும் ஒரு நல்ல இயற்பியல் பாடத்தையும் அந்த ஒலியில் நீங்களே கேட்கலாம்.